அன்னாசி அல்ல, அன்னாசிகளின் எண்ணிக்கை

என்னிடம் படித்து, இப்போது தானும் கணித ஆசிரியையாக இருக்கும் ஒருத்தி போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டாள். நலம் விசாரித்து முடிக்கும் முன்னரே விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"டீச்சர், என்ட பிள்ளைகள் 3a + 2b என்ன எண்டு கேட்டா 5ab எண்டு எழுதுதுகள். வகுப்பில முக்கால்வாசிப் பேர். எத்தனை தரம் சொல்லிப் பார்த்திட்டன். எங்கட வகுப்பில நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பிழைக்கும் எனக்கும் பழக்கம் தொடங்கியது நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில். தொலைபேசியில் சொல்லி முடியாது, எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் 5ab ஓர் ஓரத்துக்குப் போய்விட்டது. கொட்டாஞ்சேனையும், சேவியர் சேரும், கலைமதியும், அந்தத் தாய்மாரும்தான் வந்து நிற்கிறார்கள்.

ஆசிரிய கலாசாலையில் நான் கற்றதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கரும்பலகையில் சரியாமல் எழுதப் பழகினேன். பாடக்குறிப்பு எழுதப் பழகினேன். பிள்ளைகளைப் பற்றி நிறைய வாசித்தேன். பிள்ளைகளைத்தான் காணவில்லை. நியமனம் கொழும்பில் கிடைத்தபோது போரால் யாழ்ப்பாணத்துப் பாதை மூடிக் கிடந்தது. வெள்ளவத்தையில் அக்காவின் வீட்டில் தங்கினேன். இரண்டு அறை வீட்டில் ஊரிலிருந்து வந்து சேர்ந்த உறவுகள் எல்லாரும் இருந்தார்கள். குளியலறை வாசலில் வரிசையில் நின்றபடிதான் அன்றைய பாடத்தை மனதில் ஓட்டிப் பார்ப்பேன். பிறகு காலி வீதியில் பஸ் ஏறி, கோட்டையில் இறங்கி, இன்னொரு பஸ். புத்தகப் பையில் வெண்கட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில் அடையாள அட்டையும், கொழும்பில் தங்கும் தமிழர் விலாசத்தைப் பதிந்து வாங்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டும் எப்போதும் இருக்கும்.

எங்கள் பாடசாலை கொட்டாஞ்சேனையில், துறைமுகத்துக்குக் கிட்ட இருந்தது. நான் எழுதிக்கொண்டிருக்கும்போது கப்பல் ஊதினால், சத்தம் ஓயும்வரை பிள்ளைகள் பேனையைக் கீழே வைத்துவிடுவார்கள். அது அவர்களாகவே வைத்துக்கொண்ட சட்டம். முகத்துவாரத்து மீனவப் பிள்ளைகள், கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள், மலையகத்திலிருந்து வந்து கடைகளில் வேலை செய்வோரின் பிள்ளைகள், வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த பிள்ளைகள் என்று ஆண்டு எட்டில் எல்லாரும் கலந்திருந்தார்கள். ஒருவர் பேசுவதை இன்னொருவர் பழித்துக்காட்டி விளையாடுவதற்கே அவர்களுக்கு ஒரு நாள் போதாது.

அட்சரகணிதத்தின் முதல் பாடத்தை நான் மிகவும் கெட்டித்தனமாக ஆயத்தப்படுத்தியிருந்தேன். வர்ணச் சோக்கால் அன்னாசி வரைந்தேன். வாழைப்பழம் வரைந்தேன். a என்றால் அன்னாசி, b என்றால் வாழைப்பழம் என்றேன். மூன்று அன்னாசியும் இரண்டு வாழைப்பழமும் சேர்ந்தால் 3a + 2b. வகுப்பு குதூகலித்தது. முன்வரிசையில் இருந்த ரோசலின் என்ற கொட்டாஞ்சேனைப் பிள்ளை கையைத் தூக்காமலே கத்தினாள்.

"டீச்சர், எல்லாத்தையும் வெட்டிக் கலந்தா அஞ்சு ab. புரூட் சலட்!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பின்வரிசையில், முழங்கால் மேசைக்குள் அடங்காமல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த சேவியர் சேர் மட்டும் சிரிக்கவில்லை.

சேவியர் சேர் எங்கள் கணிதப் பகுதித் தலைவர். உயரமான மனிதர். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சேட். வெண்கட்டித் துண்டுகளை ஒரு பிளாஸ்டிக் சவர்க்காரப் பெட்டியில் போட்டுக் காற்சட்டைப் பைக்குள் வைத்திருப்பார். நடக்கும்போது கலகலவென்று கேட்கும். ஆண்டு ஆறு பிள்ளையையும் 'நீங்கள்' என்றுதான் அழைப்பார். புதிய ஆசிரியரின் வகுப்பில் வந்து உட்காருவார், குறுக்கே ஒரு சொல் பேச மாட்டார், ஒன்றும் எழுதிக்கொள்ள மாட்டார். மணி அடித்த பிறகு, மாடிப்படியில் இறங்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்காகவே ஆசிரியர்கள் அந்தப் படிக்கட்டைத் தவிர்த்து மறுபக்கத்தால் இறங்குவார்கள் என்பது எனக்கு அன்று தெரியாது.

"டீச்சர், a எண்டா அன்னாசியா?"

"ஓம் சேர்."

"அப்ப அடுத்த மாசம் a வர்க்கம் வருமே. அது அன்னாசியை அன்னாசியால பெருக்கிறதா?"

நான் படியிலேயே நின்றுவிட்டேன். அவர் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தார்.

மறுநாள் அவரே வந்து என் வகுப்பில் பாடம் எடுத்தார். அதை அப்படியே சொல்ல வேண்டும். ஏனென்றால் பிறகு வந்த வருடங்கள் முழுவதும் நான் செய்தது அதைத்தான்.

ஒரு மூடிய காட்போர்ட் பெட்டியை மேசையில் வைத்தார். "இதுக்குள்ள அன்னாசி இருக்கு. எத்தனை எண்டு எனக்கும் தெரியாது. ஆனா ஒரு எண்ணிக்கை இருக்கு, இல்லையா?" இருக்கிறது என்றார்கள். கரும்பலகையில் எழுதினார்: 'ஒரு பெட்டியில் உள்ள அன்னாசிகளின் எண்ணிக்கை k என்க.' அன்னாசிக்கு ஏன் k என்று ஒரு பிள்ளை கேட்டது. "a எண்டு போட்டா நீங்க பழத்தை நினைப்பீங்க. நான் உங்களை எண்ணிக்கையை நினைக்கச் சொல்றன்." பிறகு ஒரு சீப்பில் உள்ள வாழைப்பழங்களின் எண்ணிக்கை m. மூன்று பெட்டியும் இரண்டு சீப்பும் 3k + 2m. "இப்ப பெட்டிக்குள்ள ஏழு, சீப்பில பத்து எண்டு வைப்பம். மொத்தம்?" நாற்பத்தொன்று என்றார்கள். "புரூட் சலட் கணக்கில 5km எவ்வளவு?" பெருக்கிப் பார்த்தார்கள். முந்நூற்றைம்பது.

"இவ்வளவு பழத்தையும் யார் தூக்கிறது, ரோசலின்?"

ரோசலின் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். அந்தப் பிழை அவளை விட்டு அன்றோடு போய்விட்டது.

அடுத்ததுதான் அவருடைய முக்கியமான வேலை. கணக்கை யாரும் உடனே எழுதக் கூடாது. முதலில் இரண்டு பிள்ளைகள் தங்கள் தங்கள் பேச்சில் அதைச் சொல்ல வேண்டும். பிறகு எண்ணிக்கைக்கு எழுத்துக் கொடுத்து, 3k + 2m போன்ற கோவையை எழுத வேண்டும். எழுதியானதும் வசனங்களை எல்லாம் அழித்துவிடுவார். கோவை மட்டும் தனியே நிற்கும். இப்போது வேறொரு பிள்ளை எழுந்து, அந்தக் கோவைக்கு முற்றிலும் வேறொரு கதை சொல்ல வேண்டும். வகுப்பு தீர்ப்புச் சொல்லும்: பொருந்துமா, பொருந்தாதா?

"வசனத்தில இருந்து கோவைக்குப் போறது போற பஸ். கோவையில இருந்து கதைக்கு வாறது வாற பஸ்" என்பார். "நாங்க பிள்ளைகளைப் போற பஸ்ஸில மட்டும் ஏத்தி அனுப்பிறம், டீச்சர். அதுகள் போன இடத்தில நிண்டு அழுதுகள்."

எல்லாவற்றிலும் நான் அவரோடு ஒத்துப்போனேன் என்று இல்லை. பொருளின் முதலெழுத்தை வைக்கவே கூடாது என்ற அவருடைய பிடிவாதம் எனக்கு மிகையாகப் பட்டது. பல நாள் வாதாடினோம். அவர் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை, நானும் அவர் இல்லாத நேரத்தில் என் விருப்பப்படியே எழுதினேன். ஆனால் வகுப்பை நடுப்பாதையால் இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் கதை சொல்ல மறுபக்கம் தீர்ப்புச் சொல்ல வைத்தது என் யோசனை. அதை அவர் அடுத்த நாளே தன் வகுப்பிலும் செய்தார்.

அதன் பிறகு எங்கள் வகுப்பின் சத்தம் பக்கத்து வகுப்புக்குத் தொல்லையாகிவிட்டது. ஒரு நாள் கரும்பலகையில் 2(k + 3). மலையகத்து அட்டனிலிருந்து வந்த செல்வி எழுந்தாள்.

"அம்மா எங்க ரெண்டு தங்கச்சிக்கும் ஆளுக்கு k டொபி குடுத்தாங்க. அப்புறம் மாமா வந்து மூணு டொபி குடுத்தாரு."

இடப்பக்கம் கொதித்தது. "பொருந்தாது! மாமா ஒருத்திக்குத்தான் குடுத்திருக்கார்!"

"இல்ல, ரெண்டு பேருக்கும் மூணு மூணு குடுத்தாரு!"

"அதைச் சொல்லேல்லையே! சொல்லாட்டி அடைப்புக்குறி இல்லை!"

"எங்க மாமா எப்பவும் ரெண்டு பேருக்கும்தான் குடுப்பாரு" என்று செல்விக்கு அழுகையே வந்துவிட்டது. அடைப்புக்குறி என்றால் ஓரவஞ்சனை பார்க்காத மாமா என்று அன்றிலிருந்து வகுப்பில் பெயராயிற்று. 'என்க' என்ற பாடப்புத்தகச் சொல்லும் விளையாட்டு மைதானத்துக்குப் போய்விட்டது. "நான் அவுட் இல்லை என்க" என்று வாதாடிய ஒருவனை நானே என் காதால் கேட்டேன்.

இந்தக் கூத்தில் சேராதவள் கலைமதி மட்டும்.

அவள் யாழ்ப்பாணத்திலிருந்து வருட நடுவில் வந்து சேர்ந்தவள். அம்மாவோடும் அண்ணன் ரமேஷோடும் கொட்டாஞ்சேனையில் ஒரு லேனில், ரோசலின் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஓர் அறை எடுத்து இருந்தாள். அப்பாவுக்கு ஊரைவிட்டு வெளியேறும் பாஸ் கிடைக்காமல் அவர் ஊரிலேயே நின்றுவிட்டார். படிப்பில் பிழை சொல்ல முடியாது. எந்த வசனத்தைக் கொடுத்தாலும் கோவையை அச்சடித்ததுபோல் எழுதிவிடுவாள். வாற பஸ்ஸில்தான் ஏற மாட்டாள். கோவையைக் காட்டிக் கதை சொல்லச் சொன்னால் எழுந்து நிற்பாள், நின்றுகொண்டே இருப்பாள். நாணம் என்று நினைத்தேன். ஒரு நாள் வகுப்பு முடிந்த பிறகு தனியே கூப்பிட்டுக் கேட்டேன்.

"கதை வரேல்லையா, கலைமதி?"

"வருது டீச்சர்."

"அப்ப சொல்லன்."

"எத்தனை எண்டு தெரியாத ஒண்டைப் பற்றி என்னெண்டு டீச்சர் கதைக்கிறது? எழுதலாம். எழுதினா அது எழுத்துத்தானே. கதைக்கேக்க பொய் சொல்லுற மாதிரி இருக்கு."

அந்தக் கேள்வியைச் சேவியர் சேரிடம் கொண்டுபோனேன். அவர் சவர்க்காரப் பெட்டியைக் கையில் உருட்டினார்.

"நல்ல கேள்வி. என்கிட்ட பதில் இல்லை" என்றார். "ஒவ்வொரு நாளும் கேளுங்க. நெருக்காதீங்க. கேக்கிறதை மட்டும் விட்டுடாதீங்க."

அப்படியே செய்தேன். "கலைமதி, இண்டைக்குக் கதை இருக்கா?" "இல்லை டீச்சர்." எங்கள் இருவருக்கும் அது காலை வணக்கம் போல் ஆகிவிட்டது.

அந்தத் தவணைப் பரீட்சை எங்களைக் கவிழ்த்தது. சுருக்குக, சுருக்குக என்று வரிசையாக வந்த வினாக்களில், மனப்பாடமாகச் செய்து பழகிய வகுப்புகள் வேகமாக ஓடிவிட, எங்கள் பிள்ளைகள் பாதித் தாளில் நின்றுவிட்டார்கள். பிரின்சிபல் மிஸ் எங்கள் இருவரையும் அழைத்தார். கோபிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"பெற்றார் கேக்கினம். சிரிப்புச் சத்தம் கேக்குது, புள்ளி வரேல்லை எண்டு. ஆசிரிய ஆலோசகரை வரச் சொல்லியிருக்கிறன். அவர் பாத்துச் சரியெண்டா நடத்துங்கோ. இல்லையெண்டா அடுத்த தவணையில இருந்து பயிற்சித் தாள்தான். ஆண்டு எட்டையும் வேற ஆளுக்குக் குடுப்பன்."

ஆலோசகர் வரவிருந்த நாள் விடிய முன்னரே கொட்டாஞ்சேனையில் ஆமியும் பொலிசும் வீடு வீடாகத் தேடும் சுற்றிவளைப்பு. நான் வெள்ளவத்தையிலிருந்து வந்தபடியால் வெளியே நின்ற காவலில் அட்டையைக் காட்டி உள்ளே வந்துவிட்டேன். வகுப்புக்குப் போனால் வலப்பக்க வாங்குப் பலகைகள் முழுவதும் வெறுமை. வந்திருந்த பிள்ளைகள் இடப்பக்கத்தில் குந்தியிருந்தார்கள். கதவோரத்தில் தாய்மார் ஏழெட்டுப் பேர். பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டவர்கள் திரும்பிப் போகும் முன் லேன்களை மூடிவிட்டார்களாம். அவர்களுக்கு முன்னால் ரோசலினின் அம்மா பிலோமினா நின்றாள். காவலில் நின்ற ஆமிக்காரனிடம், "மல்லி, ளமயாவ இஸ்கோலெட்ட" என்று சிங்களத்தில், தம்பி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு என்று உரிமையோடு சொல்லிக்கொண்டு பின்னால் வந்த எல்லாரையும் நடத்திக் கூட்டி வந்தவள் அவள்தான்.

அவளுடைய கையைப் பிடித்தபடி கலைமதியின் அம்மா.

"இவட மகனைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க டீச்சர்" என்று பிலோமினா என் காதருகே சொன்னாள். "அவனையும், அதே வீட்டில இருக்கிற இன்னொரு பொடியனையும். பதிவுத் துண்டில பழைய அட்ரஸ் இருக்காம். விசாரிச்சிட்டு விடுறம் எண்டாங்க. பொலிஸ் வாசல்ல நிக்க விடேல்ல. உங்கட வகுப்பு ஜன்னல்ல இருந்து பார்த்தா அந்த கேட் தெரியும். அதான் கூட்டிட்டு வந்தன்."

உண்மைதான். கடைசி ஜன்னலிலிருந்து பொலிஸ் நிலையத்து வாசல் தெரியும். கலைமதியின் அம்மாவை அங்கே உட்கார வைத்தேன். கலைமதி தன் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அன்று நான் அவளிடம் கதை கேட்கவில்லை.

அப்போதுதான் ஆலோசகர் வந்தார். நிசாம் சேர். பருத்த, இனிமையான மனிதர். எப்படியோ காவல்களைத் தாண்டி வந்துவிட்டார். வெறும் வாங்குகளைப் பார்த்தார்.

"புள்ளைகள் பாதிப் பேர் இல்லையே, மிஸ். நான் இன்னொரு நாளைக்கு வாறனே."

பிரின்சிபல் மிஸ் தலையசைக்கப் போனார். பின்னாலிருந்து சேவியர் சேரின் குரல் கேட்டது.

"ஆள் இருக்கு சேர்." கதவோரத்தைக் காட்டினார். "தாய்மாரே, தயவுசெய்து வலப்பக்கத்தில இருங்க."

நான் பிரின்சிபல் மிஸ்ஸைப் பார்த்தேன். பிலோமினா யாரையும் பார்க்கவில்லை. "வாங்க, வாங்க, வீட்டுக்குப் போகத்தான் ஏலாதே" என்று எல்லாரையும் வாங்குகளில் தள்ளினாள். பெரிய உடம்புகள் சின்ன மேசைகளுக்குள் இறங்கிய விதத்தைப் பார்த்தே பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

விதியைச் சொன்னேன். எழுத்து என்றால் தெரியாத ஓர் எண்ணிக்கை. கோவைக்குப் பொருந்தக் கதை சொல்ல வேண்டும். மற்றப் பக்கம் தீர்ப்பு. முதலில் k + 5 என்று எழுதினேன். ஒரு தாய் வாயில் சேலைத்தலைப்பை வைத்துக்கொண்டார். பிலோமினா எழுந்தாள்.

"k எண்டா என் மாமியாட வாய்."

"மம்மி!" ரோசலின் எழுந்தேவிட்டாள். "எண்ணிக்கை சொல்லணும்!"

"சொல்றன், இருடி. ஒரு நாளைக்கு அவ என்னை k தடவை ஏசுவா. எத்தனை எண்டு எண்ண ஏலாது, அதான் k. ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்குப் பிந்திப் போவன். அண்டைக்கு அஞ்சு கூட."

இடப்பக்கம் மேசையில் தட்டியது. "பொருந்தும்! பொருந்தும்!" நிசாம் சேர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். பிறகு தாய்மார் ஒவ்வொருவராக வந்தார்கள். தோசை, கூந்தல் கிளிப், கோழிக் குஞ்சு. ஒருத்தியின் கதை பொருந்தவில்லை என்று அவள் மகனே தீர்ப்புச் சொல்ல, "வீட்டுக்கு வா, உனக்குப் பொருத்திக் காட்டுறன்" என்றாள்.

அந்த உற்சாகத்தில் நான் அடுத்த கோவையை எழுதினேன். x − 2. பிள்ளைகளின் பக்கம் கதை சொல்ல வேண்டிய முறை. ரோசலினுக்கு எப்போதும்போல் வாய் முந்திக்கொண்டது.

"எங்கட லேன்ல x பேர் இருக்கிறம். காலையில ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே விளங்கியது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஜன்னலருகே கலைமதியின் அம்மா திரும்பிப் பார்த்தார். நான் அழிப்பதற்குத் துடைப்பானை எடுத்தேன்.

கலைமதி எழுந்து வந்தாள். என் கையிலிருந்த வெண்கட்டியை வாங்கி, கரும்பலகையில் நான் எழுதியதற்குப் பக்கத்தில், தன் அச்செழுத்தில் சேர்த்தாள்: + 2.

x − 2 + 2.

"இது கோவை, கலைமதி" என்றேன். "கதை?"

"கதை இன்னும் முடியேல்லை டீச்சர். முடிஞ்சாப் பிறகு சொல்லுறன்."

பின்வரிசையிலிருந்து நிசாம் சேர் மெதுவாகக் கேட்டார். "லேன்ல எத்தனை பேர், மகள்?"

"தெரியாது சேர்." அவள் கரும்பலகையைப் பார்த்தபடியே சொன்னாள். "தெரியத் தேவையில்லை. எத்தனையா இருந்தாலும் பரவாயில்லை. போனது திரும்பி வந்தா, முதல் இருந்த அதேதான் வரும்."

"அப்ப சுருக்குங்க."

அவள் அதற்குக் கீழே ஒரு சமன் போட்டு, x என்று எழுதினாள். தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். தெரியாத ஒன்றைப் பற்றிப் பேசுவது அந்தப் பிள்ளைக்குப் பொய்யாக இல்லாமல் போனது அந்த இடத்தில்தான் என்று எனக்குப் பட்டது. எந்த எண்ணுக்கும் சரியாக வருகிற ஒன்றைச் சொல்வதற்குப் பெயர் பொய் அல்லவே.

பாடத்தை நிறுத்தவா தொடரவா என்று சேவியர் சேரைப் பார்த்தேன். தொடருங்கள் என்று கையைக் காட்டினார். தொடர்ந்தேன். பிலோமினா இரண்டு மடங்கு சத்தமாகக் கதை சொன்னாள். எல்லாரும் சொல்லி வைத்ததுபோல் ஜன்னல் பக்கம் பார்க்காமல் கணக்குச் செய்தார்கள். இடைவேளை மணிக்குச் சற்று முன்னர் ஜன்னலிலிருந்து ஒரு சத்தம். பேச்சு அல்ல, பெயர்.

"ரமேஷ்!"

வகுப்பு முழுவதும் ஜன்னலில் தொங்கியது. பொலிஸ் வாசலிலிருந்து இரண்டு பொடியன்கள் வெளியே வந்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள். ஒருவன் சத்தம் வந்த திசையைத் தேடி மேலே பார்த்தான். கையை உயர்த்தினான். கலைமதியின் அம்மா அதற்குள் மாடிப்படியில் இருந்தார். ஒரு செருப்பு வகுப்பு வாசலிலேயே கிடந்தது. பிலோமினா அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

கலைமதி ஓடவில்லை. ஜன்னலில் நின்று, அம்மா வீதியைக் கடந்து அண்ணனைப் பிடிக்கும்வரை பார்த்தாள். பிறகு திரும்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"டீச்சர், இப்ப சொல்லட்டா?"

"சொல்லு."

"எங்கட லேனில x பேர் இருக்கிறம்" என்று தொடங்கினாள். சின்னக் கதை இல்லை. விடியக் கதவு தட்டினதிலிருந்து தொடங்கினாள். அண்ணன் அவசரத்தில் சேட்டின் பொத்தானை மாறிப் போட்டுக்கொண்டு போனது, அம்மா அடுப்பை நிறுத்த மறந்தது, பிலோமினா அன்ரி ஆமிக்காரனை மல்லி என்று கூப்பிட்டது எல்லாம் வந்தன. இத்தனை மாதமும் வாயைத் திறக்காதவள் இடைவேளை மணி அடித்த பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு பிள்ளையும் எழுந்து போகவில்லை. "ரெண்டு பேரும் திரும்பி வந்திட்டினம். இப்பவும் x பேர்" என்று அவள் முடித்தபோது, இடமும் வலமும் சேர்ந்து "பொருந்தும்!" என்று கத்திய கத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியை வந்து எட்டிப் பார்த்தார்.

நிசாம் சேர் பிரின்சிபல் மிஸ்ஸிடம் சொன்னது சுருக்கம். "நல்லா ஈக்குது, மிஸ். இதை மாத்த வேணாம். வேகத்துக்குக் கொஞ்சம் பயிற்சி குடுத்தா புள்ளி தானா வரும். நான் என்ட டீச்சர்மாரைக் கூட்டிட்டு வாறன், அவங்களும் பாக்கட்டும்." அடுத்த தவணையில் புள்ளி வரவும் செய்தது. சேவியர் சேர் அன்று என்னிடம் மாடிப்படியில் வழக்கமான ஒற்றைக் கேள்வியைக் கேட்டார்.

"x − 2 எண்டு ஏன் எழுதினீங்க, டீச்சர்?"

"யோசிக்கேல்லை சேர்."

"நல்லது. யோசிச்சிருந்தா எழுதியிருக்க மாட்டீங்க."

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான்.

தாய்மார் விடவில்லை. மறுநாளே பிலோமினா வாசலில் வந்து நின்றாள். "அந்த அடைப்புக்குறியை எங்களுக்குச் சொல்லித் தரேல்லையே டீச்சர். என் மகள் அதை வச்சு என்னை மடக்கிறா." பிரின்சிபல் மிஸ் சனிக்கிழமை காலையில் ஒரு வகுப்பறை தந்தார். நாலைந்து பேர் வருவார்கள் என்று நினைத்துப் போனேன். வாங்கு போதாமல் பக்கத்து அறையிலிருந்து தூக்கிவர வேண்டியிருந்தது. தூக்கியவர்களில் ரமேஷும் ஒருவன். சேவியர் சேர் கூப்பிடாமலே வந்து, தன் பழைய மூலையில் முழங்காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

சில சனிக்கிழமைகள் போன பிறகு, அதுவரை வகுப்பில் வாயே திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்த கலைமதியின் அம்மா தானாக எழுந்து வந்தார். வெண்கட்டியை எடுத்தார். கரும்பலகையில் மெல்ல எழுதினார்.

x + 1.

"எங்கட வீட்டில இப்ப x பேர்" என்றார், எங்களைப் பார்க்காமல். "கெதியில ஒண்டு கூடப் போகுது."

பிலோமினா வாங்கு ஆட எழும்பினாள்.

"ஐயோ அக்கா! எத்தனை மாசம்?"

கலைமதியின் அம்மாவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "சீ! பிள்ளை இல்லை பிலோமினா. இவர்... கலைமதிட அப்பாவுக்குப் பாஸ் கிடைச்சிட்டுது. ஊரில இருந்து வெளிக்கிட்டிட்டாராம். நேற்றுத்தான் சொல்லி அனுப்பினவர்."

அதன் பிறகு அங்கே எழுந்த சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது. ஒருத்தி அவரைக் கட்டிப்பிடித்தாள், ஒருத்தி மேசையில் தட்டினாள், ஒருத்தி சும்மா அழுதாள். சேவியர் சேர் எழுந்து நின்று கைதட்டினார். பையிலிருந்த வெண்கட்டித் துண்டுகளும் சேர்ந்து கலகலத்தன. சத்தம் கேட்டுப் பிரின்சிபல் மிஸ் கந்தோர் அறையிலிருந்து ஓடி வந்து வாசலில் நின்றார்.

"என்ன? என்ன நடந்தது?"

"ஒண்டுமில்ல மிஸ்" என்றாள் பிலோமினா, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு. "ஒண்டு கூடுது. அவ்வளவுதான்."